வெள்ளிக்கிழமைக் கஞ்சி

டிசம்பர் 20, புதன். இரவு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாருக்கும் காட்ட வேண்டாம். அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம்.

காலையில் தூறல். கணக்குப் பரீட்சை. ஒன்று விட்டுப்போயிற்று.

சாயங்காலம் அம்மாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போன வருஷம் தம்பி பிறந்து இரண்டே நாள்தான் இருந்தான். அவன் போன ராத்திரி அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கதவைத் தட்டவே இல்லை. விடியும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பால் வாங்கக் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.

நேற்று பெட்டி கட்டும்போது அம்மா சொன்னது: "கிறிஸ்மஸுக்கு முன்னாடி வர்ற ஒருசந்தி. புதன், வெள்ளி, சனி. கல்யாணம் ஆனதுலேருந்து விட்டதே இல்ல. இந்த வருஷம் டாக்டரம்மா பட்டினியே கூடாதுன்னுட்டாங்க."

அம்மாவுக்குப் பதில் நான் இருக்கிறேன். ஒரே வேளைச் சாப்பாடு, கறி கிடையாது. பாப்பாவுக்காக. சொன்னால் திட்டுவார்கள், பன்னிரண்டு வயதுக்கு ஒருசந்தி இல்லை. டிபன் டப்பா பக்கத்து பெஞ்சுக்குப் போயிற்று.

டிசம்பர் 22, வெள்ளி

மழை இல்லை. பசி. தமிழ்ப் பரீட்சையில் எழுத்து ஆடியது.

அப்பா ஆஸ்பத்திரியில். நான் பக்கத்து வீட்டில், நூர்ஜஹான் வீட்டில். என் வகுப்புதான். அவர்களுக்கு ரம்ஜான் நோன்பு. அவளும் பட்டினி, நானும் பட்டினி. என்னுடையது அவளுக்குத் தெரியாது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அவள் அம்மா நோன்புக் கஞ்சி கொடுத்தார்கள். என்ன வாசனை! கடகடவென்று இரண்டு டம்ளர். மூன்றாவதின் அடியில் பார்த்தேன். கொத்துக்கறி.

வெள்ளிக்கிழமை. கறி.

"இன்னாடி, சூடா கீதா?" என்றாள் நூர்.

"ஆமா."

எட்டு மணிக்கு அப்பா வந்து போனார். "அம்மாவுக்குக் காய்ச்சல் அடிக்குது. செபம் பண்ணு, செலின்."

என்னால்தான். மாதாவே, என்னால்தான்.

டிசம்பர் 23, சனி

பனி. மூன்றாம் நாள். காலையில் வெறும் தண்ணீர்.

நூரிடம் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அப்புறம் சிரித்தாள்.

"லூசு! மறந்து துன்னா நோன்பு முறியாதுடி. அது அல்லாவே ஊட்டி வுட்டது."

"நான் மறக்கல. கறி இருக்கிறது தெரியல."

"ரெண்டும் ஒண்ணுதான், போ."

"எங்கள்ல எப்படியோ."

"உங்க சாமியாரைக் கேளு."

"பயமா இருக்கு."

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "சரி, அழாத. இன்னிக்கி என் நோன்பு உங்க பாப்பாவுக்கு. போதுமா?"

சாயங்காலம் அவள் அம்மா டம்ளரை என் முன்னால் வைத்தார்கள். "கறி போடல. பயப்படாம குடி, கண்ணு."

நூர் மோட்டுவளையைப் பார்த்தாள். கழுதை. கஞ்சியில் என் கண்ணீரும் விழுந்தது.

மணி பத்து. அப்பா காலையில் போனவர். காய்ச்சல் இறங்கியதா, தெரியாது. நூர் என்மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். இரண்டு தடவை ஜன்னலில் போய்ப் பார்த்தேன், எங்கள் வாசற்படியில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று. முதல் தடவை இல்லை. இரண்டாவது தடவை தெருவிளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் தெரியவில்லை. மூன்றாவது தடவை போகப் பயம்.

கதவு தட்டுகிற சத்தம். இந்தக் கதவுதான். "செலின்!" அப்பா. தட்டுகிறார். அப்பா தட்டுகிறார்