நாற்பது காலும் ஷேவிங் மிஷின் வயரும்

மார்ச் 3
முட்டிவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

பேத்தி கல்லூரியிலிருந்து பிஸ்கட் அளவுக்கு ஒரு பச்சை சர்க்யூட் பலகை கொண்டுவந்தாள். மாடித் தொட்டி நிறைந்தால் மணியடிக்க வைக்கப் போகிறாளாம். திங்கட்கிழமை வகுப்பில் காட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் எழுதி அனுப்புவதை இந்தத் துண்டு மனப்பாடம் செய்துகொள்ளுமாம். அதன் கம்பிக் கால்களைத் தனிப் பொட்டலமாகக் கொடுத்திருக்கிறார்கள், நாற்பது. நாம்தான் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

"பாட்டி, நீங்க வச்சாத்தான் நிக்கும்."

ரேடியோ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் இதே வேலை. படித்தது அஞ்சாம் கிளாஸ்தான். ஆனால் என் கையில் போன ஒரு பலகையும் திரும்பி வந்ததில்லை. நாற்பதும் முத்து முத்தாக உட்கார்ந்தன.

மார்ச் 4
வேலை செய்யவில்லை. பலகையில் விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டருக்கு அது இருப்பதே தெரியவில்லை.

மாப்பிள்ளை சிரித்தார். "அத்தைக்குக் கை நடுங்கியிருக்கும். இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

என் மகள் வெங்காயத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. பெற்ற மகள்! மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசக்கூடாது, அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். நடுங்குகிறதாம். இவர் சுவரில் ஆணி அடித்த அழகை யார் சொல்வது? ஒரு ஆணி, மூணு ஓட்டை.

மார்ச் 5
ஈயம் பற்றவைக்கும் என் சால்டரிங் அயர்னை மாப்பிள்ளை தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கம்பெனியை விட்டு வந்த அன்று எனக்குக் கொடுத்தது அது. "வீட்டைக் கொளுத்திடுவாங்க" என்று மகளிடம் சொல்கிறார். காது எனக்கு நன்றாகவே கேட்கும்.

மார்ச் 6
பேத்தி அழுதாள். புதுப் பலகை வர ஒரு வாரம் ஆகுமாம்.

கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றிலும் குற்றமில்லை. வயர் சொருகும் வாயை நான் தொடவே இல்லை. அப்புறம் என் மேல் எப்படித் தப்பு வரும்?

"இந்த வயரு ஏதுடி?"

"அப்பா குடுத்தாரு. அவரு ஷேவிங் மிஷினோடது."

எலிவால் மாதிரி மெல்லிசு. வந்த கோபத்தில் கத்தரிக்கோலை எடுத்து நடுவில் வெட்டினேன். உள்ளே ரெண்டே ரெண்டு, சிவப்பும் கறுப்பும். பழைய பிரிண்டர் வயரையும் வெட்டினேன். அதில் நாலு!

"ரெண்டுல கரண்டுதான் போகும். சோறு மட்டும் ஊட்டிட்டுப் பேச்சே குடுக்கலைன்னா புள்ள எப்படிடி பேசும்?"

பக்கத்து வீட்டு வயரை வாங்கிவந்து சொருகினாள். கம்ப்யூட்டர் டிங் என்றது. பேத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மாப்பிள்ளையிடம் சொன்னதற்கு, "ஓ, அப்படியா" என்றார். அவ்வளவுதானா? மூணு நாள் என் கையைப் பழித்த வாய்க்கு இவ்வளவுதான் வருமா?

மார்ச் 9
வகுப்பில் மணி அடித்ததாம். என் அயர்ன் இன்னும் அவர் அலமாரியில்தான் இருக்கிறது.

மார்ச் 11
மாப்பிள்ளை அஞ்சு நாள் தாடியோடு வந்து நின்றார். ஒரு கையில் நான் வெட்டிய வயர், இன்னொரு கையில் என் அயர்ன்.

"அத்தை, இத ஒட்டித் தர முடியுமா? நாளைக்கு ஆபீஸ்ல பெரிய மீட்டிங்..."

"வச்சிட்டுப் போங்க மாப்பிள்ளை. இன்னிக்குக் கை நடுங்குது."

அவர் போனதும் ஊசியில் நூல் கோத்தேன். ஒரே தடவையில்.