மாப்பிள்ளை வாப்பாவான ஆண்டு

இன்று 2015 செப்டம்பர் 13. எனக்கு வயது எழுபத்தொன்று, நான்கு மாதம், பதினேழு நாள். இதை எழுதக் காரணம் பேன். நம் பேத்தியின் தலையில் பேன். நம் மகள் பரீதாவின் கணவர் அவளை முன்கூடத்தில் உட்காரவைத்து, கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயைத் தலையில் தேய்த்து, சீப்பால் இழுத்துக்கொண்டிருக்கிறார். வந்து போகிறவர்கள் யாரும் அதை ஒரு செய்தியாகக் கருதவில்லை. அந்த வாடை என் அறைவரை வந்தது. நீங்கள் இறந்துபோய் நான்கு ஆண்டுகளாகின்றன. உங்களை நினைத்து நான் ஊரறிய அழுததில்லை, இன்றும் அழவில்லை. ஆனால் கதவைச் சாத்த எழுந்தவள் சாத்தாமலே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நம் குடும்பங்களில் பெண் பிறந்த வீட்டைவிட்டுப் போவதில்லை. மணமகன்தான் அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறான். பெண்ணுக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு கிடையாது என்று நான் வாதாடியிருக்கிறேன், இப்போதும் வாதாடுவேன். ஆனால் வருகிறவன் கடைசிவரை விருந்தாளியாகவே இருந்துவிடுகிறான் என்பது, சிதம்பரத்தில் முதுகலை படித்த எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை. நீங்கள் முன்கூடத்தில் அமர்ந்திருப்பீர்கள். சோறு மூடிய தட்டில் அங்கே வரும். என் உம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்றபடி, "மாப்புள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் ஆணம் ஊத்து" என்பார். கெஞ்சினாலும் அதற்குமேல் ஓரடி முன்னே வரமாட்டார்.

போதாக்குறைக்கு நீங்கள் துபாயில் மின்வேலை பார்த்தவர். இரண்டாண்டுக்கு ஒருமுறை வருவீர்கள், இரண்டு மாதம் இருப்பீர்கள். பெட்டியில் பரீதாவுக்குக் கவுன்கள் இருக்கும். அவற்றில் ஒன்றுகூட அவளுக்குப் பொருந்தியதில்லை. கடைசியாகப் பார்த்துவிட்டுப் போன குழந்தையின் அளவுக்கே நீங்கள் வாங்கி வந்தீர்கள். தெருக்கோடியில் இருந்த சின்னப் பிள்ளைகள் அவற்றைப் போட்டுக்கொண்டு திரிந்தன.

1982 ஜனவரியில் வந்தீர்கள். பரீதாவுக்கு அப்போது ஆறு வயது. வந்த மறுநாள் பகல், உம்மா அவளை அனுப்பி உங்களைச் சாப்பிட அழைக்கச் சொன்னார். அவள் உங்கள் எதிரில் போய் நின்று, "மாப்புள்ள, சாப்புட வாங்க" என்றாள். வீட்டில் எல்லாரும் உங்களை அப்படித்தானே குறிப்பிட்டார்கள்; அதுதான் உங்கள் பெயர் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தது. வீடே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் தட்டில் பாதிச் சோறு அப்படியே திரும்பி வந்தது.

அன்று மாலை என்னிடம், "இந்தப் புள்ளைக்கு நா யாரு?" என்று கேட்டீர்கள்.

"பெட்டி கொண்டார்ற ஆளு" என்றேன். நயமாகப் பேசுவது எனக்கு அப்போதும் வராது.

நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரு தடவ வாப்பான்னு கூப்புடட்டும். கேட்டுட்டு மறுநாளே டிக்கெட்டு போட்டுர்றேன்" என்றீர்கள். துபாயை விட்டு ஆறு மாதம் வெளியே இருந்தால் விசா செத்துவிடும் என்பது நம் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆக, ஜூலைவரை உங்களுக்குத் தவணை.

பரீதாவோ, எல்லாரும் சிரித்த வெட்கத்தில், அதற்குப் பிறகு உங்களை எதுவும் சொல்லி அழைக்கவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் வந்து எதிரில் நிற்பாள். நீங்களாகக் கேட்கும்வரை நிற்பாள். தொடக்கத்தில் பிஸ்கோத்தும் மிட்டாயும் கொடுத்துப் பார்த்தீர்கள். அவள் கடைக்காரரிடம் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு போனாள்.

பிறகு ஒருநாள் நீங்கள் செய்த காரியத்துக்கு உம்மா ஒரு வாரம் புலம்பினார். சாப்பாட்டு நேரத்தில் முன்கூடத்திலிருந்து எழுந்து, நேரே அடுப்படிக்கு வந்துவிட்டீர்கள். உம்மா அகப்பையைப் போட்டுவிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"என்ன மாப்புள்ள இது! கேட்டா நா கொண்டாந்து தர மாட்டனா? ஊரு என்னங்கும்?"

"பசிக்கல மாமி. புள்ள எங்க குந்தி சாப்புடுதுன்னு பாக்க வந்தேன்."

பரீதா அம்மியடியில் உட்கார்ந்து, மீனை ஒதுக்கிவிட்டு வெறுஞ்சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள். நீங்கள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். அவள் நெத்திலியைத் தவிர வேறு மீன் தொடமாட்டாள் என்பது அன்றுதான் உங்களுக்குத் தெரிந்தது. மறுநாள் விடிந்ததும் அவளைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு பட்டினச்சேரிக்குப் போய், கரைக்கு வந்த நெத்திலியை ஒரு கூடை நிறைய வாங்கி வந்தீர்கள். வீடு மூன்று வேளையும் நெத்திலி தின்றது. அளவு என்பதை நீங்கள் எதிலும் கற்றதில்லை.

பேன் அதற்குப் பிறகு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தாள். உம்மா இழுத்த இழுப்பில் பிள்ளை தெருவரைக்கும் கேட்க அலறினாள். நீங்கள் சீப்பை வாங்கிக்கொண்டு, ஊரார் வந்து அமரும் முன்கூடத்திலேயே அவளை உட்காரவைத்துப் பேன் பார்த்தீர்கள். அந்த நேரம் பார்த்து என் தம்பி நுழைந்தான்.

"என்ன மச்சான், துபாய்ல இதுக்கும் டிரெயினிங் குடுத்தாங்களா?"

"அங்க பாதிப் பேரு வழுக்க. வேலையெல்லாம் இங்கதான் கெடக்கு. நீயும் வந்து குந்து, ஒனக்கும் பாக்குறேன்."

"அது கெடக்கட்டும். பயணம் எப்ப?"

பயணம் எப்போது என்று பள்ளிவாசலில் கேட்டார்கள், கடைத்தெருவில் கேட்டார்கள், உங்கள் உடன்பிறந்தவர்களே கேட்டார்கள். அயலில் சம்பாதிக்கிறவன் ஊரில் அதிகம் தங்கினால் அவன் மதிப்பு எப்படிக் கரையும் என்பதை அந்த ஆண்டில்தான் கண்டேன். பேன் பார்க்கிற மாப்பிள்ளை என்று உங்களுக்குப் பெயரும் வைத்தார்கள். உம்மாகூடக் கதவுக்குப் பின்னால் இருந்தபடி, "மாப்புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் விசாரித்தார். நீங்கள் சைக்கிள் கேரியரில் பழைய போர்வையை மடித்துக் கட்டி, பரீதாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள், கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவள் வாய்ப்பாட்டை ஒப்பித்தால் தப்பைத் திருத்தாமல் தலையாட்டினீர்கள். திருத்துவது என் வேலையாயிற்று.

ஜூலை வந்தது, விசா செத்தது. "போனாப் போவுது" என்றீர்கள். ஆகஸ்டில் ஒருநாள், பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில், பின்னாலிருந்து பரீதா கத்தினாளாம்: "வாப்பா, நிறுத்துங்க! செருப்பு விழுந்துட்டு!" வீட்டுக்கு வந்து அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னீர்கள். பிள்ளையின் ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே என்று கேட்டேன். "எடுக்கணும்னே தோணல" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் போகவில்லை. கடைத்தெருவில் ஒரு சின்ன மின்சாமான் கடை, இருபத்தொன்பது ஆண்டுகள். வருமானத்தைப்பற்றி என் தம்பி பேசியதையெல்லாம் இங்கே எழுதித் தாளை வீணாக்க மாட்டேன். பரீதாவுக்கு எந்த வயதில் எந்த அளவு உடை என்பது கடைசிவரை உங்களுக்கு மனப்பாடம். இப்போதும் வாசலில் யாராவது சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் ஓசை கேட்டால், தேநீருக்கு இன்னொரு தம்ளரை எடுக்க என் கை போகிறது. அதட்டி நிறுத்துகிறேன். மறுநாளும் போகிறது.

உங்களுக்கு ஒன்று சொல்லாமல் இருந்தேன். அந்த ஆண்டு மார்ச்சிலேயே, கொல்லைச் சுவருக்கு அப்பால், பரீதாவுக்கும் பக்கத்து வீட்டு மரியாவுக்கும் பாண்டி ஆட்டத்தில் சண்டை. "எங்க வாப்பாட்ட சொல்லிருவேன், பாரு!" என்று நம் மகள் கத்தினாள். அரிசி களைந்துகொண்டிருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகும் பலமுறை கேட்டேன். உங்கள் எதிரில்தான் அவளுக்கு வாய் வரவில்லை. நான் உங்களிடம் சொல்லியிருந்தால் மறுநாளே டிக்கெட் போட்டிருப்பீர்கள். நீங்கள் சொன்ன சொல் மாறாதவர், உங்களிடம் நான் அஞ்சியது அது ஒன்றைத்தான். பிள்ளைக்கு இந்த வீட்டில் மாமன் உண்டு, உம்மம்மா உண்டு. மணமாகிப் பத்தாண்டாகியும் பெட்டியை எதிர்பார்த்தே உட்கார்ந்திருந்தவள் நான். சரியான காரியம்தான் செய்தேன் என்று இப்போதும் எண்ணுகிறேன்.

அந்தச் சண்டை நடந்த அன்று மாலை நீங்கள் வந்தீர்கள். தினமும் கேட்பதுபோலவே, தணிந்த குரலில், "இன்னிக்கி ஏதாச்சும் சொல்லிக் கூப்புட்டுச்சா?" என்று கேட்டீர்கள்.

"இன்னம் இல்லங்க" என்றேன்.