நிறுத்தும் கடவுச்சொல்

அன்புள்ளவளுக்கு,

பங்குகளை நான் வாங்கி விற்கும் முறையை உன் தம்பி கணினிக்கு விதிகளாக எழுதித் தந்தான்.

"எப்ப விப்பீங்க, மாமா?"

"விலை சோர்ந்துபோனா."

"சோர்வெல்லாம் அதுக்குத் தெரியாது. நம்பரா சொல்லுங்க."

திணறித் திணறிச் சொன்னேன். இன்று கணினி தானாகவே வாங்கியது. விலை சற்று இறங்கியதும் பதறிப்போய்க் கடவுச்சொல்லைப் போட்டு அதை நிறுத்திவிட்டு நானே விற்றேன். மதியம் விலை ஏறியது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு, மாமா. உங்களாலதான் சும்மா இருக்க முடியலை."

நீ அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது சொன்னதும் இதைத்தான்.

இதை எழுதும்போதே இருமுறை எழுந்துபோய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்தேன். அதனால் நிறுத்தும் கடவுச்சொல்லை மாற்றி உனக்கு மட்டும் அனுப்பும்படி உன் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். நான் கெஞ்சினாலும் தராதே.

நாளை சந்தை திறக்கும்போது உன் அக்கா வீட்டில் வந்து நிற்பேன். ஏதாவது வேலை கொடு.

உன்னவன்