நீ ஏறாத வண்டி

அக்கா,

வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றினால் பையில் ஓர் எலுமிச்சம்பழம். கிளினிக்குக்கு நீ கொண்டுபோகும் துணிப்பைக்குள் கிடந்ததென்று மச்சான் கொடுத்தது. தோல் காய்ந்து பழுப்பேறிவிட்டது. நகத்தால் கீறிப் பார்த்தேன். வாசம் இன்னும் இருக்கிறது. அதோடு பொகவந்தலாவை பஸ்ஸும் ஜன்னலோரத்தில் உன் முகமும் வந்துவிட்டன. இந்த வண்டியைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஒவ்வொரு கிளினிக்குக்கும் நான் முதல் நாளே கொழும்பிலிருந்து தோட்டத்துக்கு வந்து, மறுநாள் உன்னோடு கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவேன். ஹட்டன் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வருவாய். கினிகத்தேனை இறக்கத்து வளைவுகளில் எலுமிச்சையை மூக்கில் வைத்து அழுத்துவாய். பிறகு மடியில் இருக்கும் சொப்பிங் பேக்கை விரிப்பாய். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு வயிற்றில் ஒன்றுமே இல்லாமல் வாந்தி வந்தது. கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் சிங்களத்தில் கெஞ்சுவேன். நேரமாகிவிட்டது என்பார். ஒரே ஒரு தடவை வயதான டிரைவர் ஒருவர் கண்ணாடியில் உன்னைப் பார்த்துவிட்டு, மலைத் தண்ணீர் விழும் பீலி ஒன்றின் பக்கம் தானாகவே ஓரங்கட்டினார். முகம் கழுவிவிட்டு அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தாய்.

"வண்டி எப்பிடியும் இருந்துட்டுப் போகட்டும் தம்பி. கேட்ட எடத்துல நின்னா அது போதும்" என்றாய்.

நான் எங்கே கேட்டேன்? உன்னை ஒரு தடவையாவது நல்ல வண்டியில் கூட்டிப்போக வேண்டும் என்பதிலேயே நின்றேன். பணக்காரர்கள் குடும்பத்தோடு நுவரெலியாவுக்கு வரும் அந்த உயரமான வண்டிகளில் ஒன்றை, அடுத்த கிளினிக்குக்கென்று வாடகைக்குப் பதிந்தேன். சொன்னபோது தொலைபேசியில் சிரித்தாய். கிளினிக் நாளுக்கு முன்பே நீ போய்விட்டாய். பதிவை ரத்துச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. உன் கருமாதி நாளுக்கு மாற்றிக்கொண்டேன்.

வண்டியைக் குறை சொல்ல முடியாது அக்கா. பட்டனை அழுத்தினால் ஓடத் தயாராகிறது, சத்தமே இல்லை. பக்கத்து ஆசனம் படுக்கை மாதிரிச் சாய்கிறது, குளிருக்கு முதுகைச் சூடாக்குகிறது. கித்துள்கல தாண்டி ஏற்றம் தொடங்கியபோது மூச்சு வாங்காமல் ஏறியது. நோர்வூட்டுக்கு அப்பால் நம்மைத் தூக்கித் தூக்கிப் போட்ட குழிகளெல்லாம் எங்கே போயின என்று தேடினேன். குழிகள் இருந்தன. வண்டிதான் விழுங்கிக்கொண்டே போனது. தோட்டத்துப் பாதையில் மட்டும் தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் உரச, அது ஓயாமல் கத்தி எச்சரித்தது. இத்தனை அகல வண்டிக்காக யாரும் அந்தப் பாதையைப் போடவில்லை. காலியாகச் சாய்ந்திருந்த ஆசனத்தைப் பார்க்கும்போதெல்லாம், இதில் வந்திருந்தால் உனக்கு ஒன்றும் செய்திருக்காது என்று நினைத்து நினைத்து அழுதேன். அதில் ஓர் ஆறுதலும் இருந்தது.

கருமாதி முடிந்து மச்சான் வண்டியருகே வந்து நின்றார். "இதுலயா அவளக் கூட்டிட்டுப் போறதா இருந்தீங்க?" என்று கேட்டார். ஆமென்றேன். எலுமிச்சையை என் கையில் வைத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

உன் பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்லம்மாவுக்கு மறுநாள் கொழும்பில் கிளினிக். உனக்கு வந்த அதே நோய், அதே ஆஸ்பத்திரி. நான்தான் வற்புறுத்தி ஏற்றினேன். செருப்பைக் கழற்றி, மண்ணைத் தட்டி, ஒரு பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டது. சாய்ந்து உட்காருங்கக்கா என்றேன். தலைக்கு எண்ணெய் வைத்திருப்பதாகச் சொல்லி, சாயாமல் நுனியிலேயே உட்கார்ந்திருந்தது. ஹட்டன் தாண்டியும் பேச்சில்லை. உறங்குகிறது போல என்று பாட்டைக்கூடக் குறைத்தேன். கினிகத்தேனை இறக்கத்தில் திரும்பிப் பார்த்தால், முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வேர்வை, கண்ணில் தண்ணீர்.

பீலியடியில் நிறுத்தினேன். இறங்கியதும் எல்லாம் வெளியே வந்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இப்பேர்ப்பட்ட வண்டியில எப்பிடி தம்பி வாயத் தொறக்கிறது?" என்றது. முகத்தைக் கழுவிக்கொண்டு மெல்லச் சொன்னது: "ஒங்க அக்காவும் பயந்துக்கிட்டேதான் இருந்துச்சு. தம்பி ஆசயா எடுக்கிற வண்டி, அதுல அசிங்கம் பண்ணிறக் கூடாது, முந்தின நாளே கஞ்சிகூடக் குடிக்காம வயித்தக் காயப் போட்டுறணும்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

நீ உட்கார்ந்த அதே கல்லில் உட்கார்ந்தேன். கடைசியில் செல்லம்மாதான் நேரமாகிறது தம்பி என்று கூப்பிட்டது. அதன் பிறகு கொழும்பு வரை அது கேட்காமலே நிறுத்தி நிறுத்தி வந்தேன்.

வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டவர் எப்படி இருந்தது என்று கேட்டார். நல்ல வண்டி என்றேன். பொய்யில்லையே.

எலுமிச்சையை எறியவில்லை, மேசையில் வைத்திருக்கிறேன். செல்லம்மாவின் அடுத்த கிளினிக்குக்கு நான் பஸ்ஸில்தான் வரப்போகிறேன், கண்டக்டரோடு சண்டை பிடிக்க. ஆனால் ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது. நீ அந்த வண்டியில் ஏறியிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டே வந்திருப்பாய். அக்கா சுகமாக உறங்குகிறாள் என்று நினைத்து, நானும் எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டியிருப்பேன்.