பன்னி இறைச்சிக்குள் இருந்த இரும்பு

என் கடைசித் தம்பி, சூட்டித் தங்கமே,

இன்றைக்கு உனக்கு வருசப் படையல். உனக்குப் பிடித்த பன்னி ஜாம் காய்ச்சப் போய் என்ன ஆச்சு என்று உன்னிடமே சொல்கிறேன். ஊரும் கேட்கட்டும்.

நல்லதண்ணி ஊர் ஹோட்டல் குசினியில் நீ பழகிட்டு வந்தது. அங்கே பேக்கன் என்று பாக்கெட்டில் வருமாம். நம்ம லயத்து வீட்டுக் காம்பராவில், உப்பு தடவி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்ட பன்னி இறைச்சிதான் பேக்கன். "எண்ணெய் ஊத்திறாதக்கா, அதோட கொழுப்பே போதும்"னு கத்துவ. அப்புறம் வெங்காயம், சீனி, வினாகிரி, உறைப்புக்குக் கொச்சிக்காத்தூள், ஒரு கோப்பை தேத்தண்ணிச் சாயம். "இனிப்பும் உப்பும் தாச்சிக்குள்ள அடிச்சுக்கணும்க்கா. ஒண்ணு ஜெயிச்சிட்டா நான் தின்னமாட்டேன்." பாணில் அப்பித் தின்பாய், விரலையும் சேர்த்து.

இறைச்சி கொடுத்தது பக்கத்து லயத்து மாரி. அவன் கட்டின துவக்கில்தான் நீ செத்தாய். மரக்கறித் தோட்டத்துக்கு வருகிற பன்னிக்கு என்று விறகுப் பாதையில் துவக்கைக் கட்டி, அதன் விசையிலிருந்து கம்பி இழுத்து வைத்திருந்தான். உன் கால் கம்பியில் பட்டு வெடித்துவிட்டது. கட்டினது யார் என்று லயத்துக்கே தெரியும், பொலிசில் போய்ச் சொல்ல ஒரு வாயும் திறக்கவில்லை. "பெரட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான்க்கா கட்டினேன்" என்றான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிறவர்களுக்குச் சொன்னால் போதுமா? நீ தேயிலைத் தோட்டத்தில் பேர் பதியாதவன், லீவுக்கு வந்தவன். பெரட்டுக்கு நீ எங்கே வருவாய்?

உன் பாடைக்கு முன்னால் என் காலைப் பிடித்து, இனி துவக்கைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். அதனால்தான் போன வாரம், "சுருக்குல விழுந்த பன்னிக்கா, தம்பி படையலுக்கு" என்று நீட்டினப்போ வாங்கிக்கொண்டேன்.

இன்றைக்கு ஜாம் கொதித்து இறுகி வந்தது. ருசி பார்க்க ஒரு துண்டை வாயில் போட்டேன். பல் உடைந்தது. ரத்தத்தோடு துப்பினேன். துவக்குக்குள் போட்டு வெடிக்கிற, நறுக்கின ஆணித்துண்டு. உன் தொடையிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரியில் காட்டினார்களே, அதே மாதிரி.

அடுப்பில் கொதித்த தாச்சியை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். மாரி வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"சுருக்குன்னு சொன்னியேடா?"

என் வாயில் ரத்தத்தைப் பார்த்ததுமே எழும்பிவிட்டான். "அக்கா, இந்தத் தடவையும் பெரட்டுல சொல்லிட்டுத்தான்..."

ஊற்றிவிட்டேன். கொதிக்கிற சீனி தோலைப் பிடித்தால் விடாது, உனக்குத் தெரியும். முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் பிடித்துக்கொண்டது. தரையில் புரண்டான்.

"அடிப்பாவி, கொன்னுட்டியே!" என்று அவன் பெண்சாதி என் தலைமயிரைப் பிடித்தாள்.

"கொல்லலடி. கொன்னிருந்தா இப்படிக் கத்தமாட்டான்."

அவளை உதறிவிட்டு, வாசலில் கிடந்த, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து அவன் கழுத்துக்கு நேரே பிடித்தேன். "இப்பக் கட்டின துவக்கு எங்கடா? நட."

அழுதுகொண்டே முன்னால் நடந்தான். தண்ணிப் பீலிக்குப் போகிற வழியில் கட்டியிருந்தான், சூட்டி! பொம்பளைப் புள்ளைகள் குடம் தூக்கிப் போகிற வழி. வெந்த கையாலேயே கம்பியை அவிழ்த்து, வெடியையும் எடுக்க வைத்தேன். பிறகு துவக்கைக் கல்லால் அடித்தேன். குழாய் நெளிந்த பிறகும் அடித்தேன். அவன் கையைப் பார்த்தேன், எனக்கு அழுகை வரவில்லை. பொலிசுக்குப் போகிறானாம். போகட்டும். அங்கே நானும் பேசுவேன்.

தாச்சியில் ஒட்டினதைச் சுரண்டி, பாணில் தடவி உன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். இரும்பு இருக்கா என்று விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டேன், பயப்படாமல் சாப்பிடு.

இனி இந்த மலையில் எவன் கம்பி கட்டினாலும் நான் போய் அறுப்பேன். என் கையே போனாலும் அறுப்பேன். இது உன்மேல் சத்தியம்.

நீ விழுந்தது மத்தியானமாம். எங்களுக்குத் தெரிந்தது பொழுது சாய்ந்துதான். அவ்வளவு நேரமும் நீ யாரைடா கூப்பிட்டுக்கொண்டு கிடந்தாய்?

உன் கூடப்பொறந்த அக்கா,
பேச்சி