ஐஸ் கரையாத தம்ளர்

சனிக்கிழமை, இரவு.

என் வீட்டுக்காரருக்கு நாளைக்குப் பிறந்தநாள். காலையில் சுங்கைப்பட்டாணி போய் மூடி போட்ட ஸ்டீல் தம்ளர் ஒன்று வாங்கினேன். "ஐஸ் விடியவிடிய கரையாதுக்கா" என்றாள் கடைப்பெண். சின்னதும் இருந்தது. ஒரு டின் பீர் முழுசாகக் கொள்ளட்டும் என்று நான்தான் பெரியதை எடுத்தேன்.

என் புத்தியை என்ன சொல்ல.

எங்கள் மெர்போக் ஊர்ப் புழுக்கத்தில் வாசலில் உட்கார்ந்து குடித்தால், கண்ணாடி கிளாஸில் பீர் கொஞ்ச நேரத்திலேயே சூடாகிவிடும். "ச்சே, வெந்நி மாதிரி இருக்கு" என்று மிச்சத்தை ரம்புத்தான் மரத்தடியில் ஊற்றுவார். "இது முனியாண்டிக்கு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். டாக்டர் கல்லீரலைப் பற்றி அவ்வளவு சொல்லியும் கேட்காத மனுஷனை இத்தனை நாள் நிறுத்தி வைத்தது அந்தச் சூடுதான். எனக்கு இன்றுதான் உறைத்தது.

நாளை வரை பொறுக்காமல் சாயங்காலமே தம்ளரைக் கொடுத்துவிட்டேன். ஆறு மணிக்கு அதோடு உட்கார்ந்தார். விளக்கு வைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"இரு லா, இன்னும் ஜில்லுனு இருக்கு."

எத்தனையாவது டின் என்று கேட்டால் தம்ளரைத் தூக்கிக் காட்டுகிறார். ஸ்டீலுக்குள் என்ன தெரியும்? குப்பையில் கிடக்கும் டின்களை எண்ணப் பயமாக இருக்கிறது.

இப்போதும் வாசலில் ஐஸ் குலுங்குகிற சத்தம் கேட்கிறது. சற்று முன் வாளி எடுக்கிற சாக்கில் போய் மரத்தடியைப் பார்த்தேன். மண் காய்ந்து கிடக்கிறது. முனியாண்டிக்கு இன்றைக்கு ஒரு சொட்டுகூட இல்லை.