தந்தி என்று கூப்பிட்டவன்

அன்புள்ள மாரியண்ணா,

நீ படிக்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உயிரோடு இருந்திருந்தாலும் என் கடிதத்தைப் பிரித்திருப்பாயா?

போன ஞாயிறு அல்சூர் டென்ட் கொட்டகையில் அந்தப் பழைய சிரிப்புப் படம் மறுபடி வந்தது. சுதந்திரம் வந்த வருஷம் நீயும் நானும் தரையில் உட்கார்ந்து பார்த்த படம்தான். தந்தி அடிப்பது போல் திக்கித் திக்கிப் பேசும் சமையல்காரனை முதலாளி 'தந்தி' என்று கூப்பிடுவாரே, அது. உனக்கும் பேச்சு திக்கும். கொட்டகையே சிரித்தபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய். எனக்கு அப்போது பத்து வயது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் உன்னைத் தந்தி என்று முதலில் கூப்பிட்டவன் நான்.

பிறகு நாம் வேலைக்குப் போன மில்லுக்கும் அந்தப் பேர் கூடவே வந்தது. நீ பேசுவதையே குறைத்துக்கொண்டாய்.

உனக்குப் பெண் பார்க்கக் கோலாருக்குப் போனோம். பெண்ணின் அப்பா, "பேரு என்னப்பா?" என்றார். "மா... மா..." என்று நீ தவித்தாய். உதவுவதாக நினைத்து நான், "தந்தின்னு சொன்னாத்தான் மாமா எல்லாருக்கும் தெரியும்" என்றேன். உள்ளே பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

திரும்பும் ரயிலில், "இனிமே எங்கிட்ட பேசாதடா" என்றாய். அதைச் சொல்லி முடிக்க உனக்கு வெகு நேரமானது. அன்றுதான் முதல் முறையாக நான் குறுக்கே பேசவில்லை.

அதற்குப் பிறகு அடுத்தடுத்த வீட்டில் ஐந்து வருஷம் பேசாமலே இருந்தோம். போன ஐப்பசியில் மஞ்சள்காமாலையில் நீ படுத்தபோது பார்க்க வந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் என் மகன் உட்கார்ந்திருக்க, அந்தச் சமையல்காரன் திரையில் வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன் அண்ணா. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். உன் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. நான் எப்படிப்பட்டவன்?

வீடு திரும்பியதும் என் மகன், எதிர்வீட்டு ரோஸியிடம் அதே மாதிரி திக்கிக் காட்டினான். அவளுக்கும் பேச்சு திக்கும். அவனை ஓங்கி அறைந்துவிட்டேன்.

"நீயுந்தானேப்பா சிரிச்ச?" என்றான்.

அதற்குள் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாளை மகனைக் கூட்டிக்கொண்டு ரோஸி வீட்டுக்குப் போகிறேன். உனக்கு நான் செய்ததை இருவரிடமும் சொல்வேன். அதனால் நீ இழந்தது எதுவும் திரும்பாது. எனக்கும் ஆறுதல் கிடைக்கப்போவதில்லை. அவள் கதவைத் திறக்காவிட்டால் மறுநாளும் போவேன். இது சத்தியம்.

உன் சித்தப்பா மகன்,
தம்பி சின்னராசு